பெரியம்மா வீட்டில் சோளன் இல்லையாம்

சனிக்கிழமை, குடும்பக் குழு

நான்: மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வீடுகளில் இன்றைக்குச் சாப்பிட்டதில் எதிலெல்லாம் சோளன் (மக்காச்சோளம்) இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். சொல்லுங்கள்.

வெள்ளவத்தைப் பெரியம்மா: எங்கள் வீட்டுக்குப் பூச்சியம் போடு. போன ஆடியில் கதிர்காமம் போகும்போது வழியில் அவித்த சோளன் வாங்கினதோடு சரி.

கொட்டாஞ்சேனைச் சித்தப்பா: அக்கா, காலமை என்ன சாப்பாடு?

பெரியம்மா: பாணும் முட்டைப் பொரியலும்.

சித்தப்பா: பிள்ளை, அக்காவுக்கு ஒன்று போடு.

பெரியம்மா: முட்டைக்குள் எங்கே தம்பி சோளன்?

சித்தப்பா: கோழித்தீனி ஆலையில் இருபது வருடம் கணக்கெழுதினவன் சொல்கிறேன். மூட்டையில் பாதிக்குக் கிட்ட சோளன்தான். மிச்சம் சோயாப் பிண்ணாக்கு, தவிடு, சிப்பித்தூள். கரு மஞ்சளாக இருப்பதும் பெரும்பாலும் அந்த மஞ்சள் சோளனால்தான். அதைக் குறைத்து, வேறு நிறச்சத்தும் போடாவிட்டால் கரு வெளிறிவிடும். வாங்குகிறவர்கள் முட்டை பழசு என்று சண்டைக்கு வருவார்கள்.

தங்கச்சி: அதனாலா 2022இல் முட்டை அந்த விலை விற்றது?

சித்தப்பா: ஓம். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள், சோளன் விளைச்சல் விழுந்தது. வெளியில் வாங்க டொலர் இல்லை. தீனி விலை ஏற ஏற, பண்ணைக்காரர் முட்டையிடுகிற கோழிகளையே இறைச்சிக்கு விற்றார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினது அப்படித்தான்.

பெரியம்மா: அதையும் முதலில் பேக்கரிக்காரருக்குத்தானே கொடுத்தார்கள்.

மட்டக்களப்பு மாமா: உரத்துக்கு முன்னமே படைப்புழு வந்துவிட்டது. சோளன் பிறந்த அமெரிக்கக் கண்டத்துப் புழுதான். 2016இல் ஆபிரிக்கா, 2018இல் இந்தியா, அதே வருடக் கடைசியில் நாங்கள். இலையில் கண்ணாடி ஜன்னல் வைத்தது போலச் சுரண்டியிருக்கும், குருத்தை விரித்தால் உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம். அக்கா, அப்பா அடுப்புக்கு மேலே சோளன் பொத்தியைக் கட்டித் தொங்கவிடுவாரே, நினைவிருக்கிறதா?

பெரியம்மா: இல்லாமல்? புகை பிடித்துக் கறுத்துப் போயிருக்கும். தொட்டால் அடி விழும்.

மாமா: அது அடுத்த போகத்து விதை. இப்போது எல்லாம் கலப்பின விதை. பொத்தி பெரிதுதான், ஆனால் அதிலிருந்து எடுத்து விதைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் பைக்கற்றுக்குக் காசு கட்டவேண்டும்.

கனடா அண்ணா: இப்போதுதான் எழும்பினேன். இங்கே சோடாப் போத்தலைத் திருப்பினால் சீனி என்று இருக்காது, ‘குளுக்கோஸ்-பிரக்டோஸ்’ என்று இருக்கும். சோளப் பாகு. பக்கத்து அமெரிக்காவில் இறக்குமதிச் சீனிக்குக் கட்டுப்பாடு, சோளன் மலிவு. கொக்கா கோலாவே 1984இல் அங்கே முழுக்கப் பாகுக்கு மாறிவிட்டது.

தங்கச்சி: அவ்வளவு சோளனையும் மனிசர் தின்கிறார்களா?

கனடா அண்ணா: எங்கே! கிட்டத்தட்ட 9 கோடி ஏக்கரில் விதைக்கிறார்கள். இலங்கை முழுவதையும் ஐந்து தரம் விரித்தாலும் காணாது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதனோல் எரிபொருளாகிக் கார் தாங்கிக்குள் போகிறது, ஏறக்குறைய அதேயளவு மாடு, பன்றி, கோழிக்கு. நாங்கள் அவித்துச் சாப்பிடுகிற இனிப்புச் சோளன் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

மாமா: காருக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்.

நான்: பெரியம்மா, உங்கள் அலுமாரியில் வேறு என்ன இருக்கிறது? மகள் கேட்கிறாள்.

பெரியம்மா: பொறு, கண்ணாடி எடுக்கிறேன்.

பெரியம்மா: கஸ்டர்ட் டின்னில் சோள மா என்று முதலாவதாகவே போட்டிருக்கிறான். நாற்பது வருடமாகக் காய்ச்சுகிறேன், இன்றைக்குத்தான் வாசித்தேன். தக்காளி சோஸில் 1422 என்று ஒரு நம்பர் இருக்கிறதே, அது என்ன?

சித்தப்பா: அது மாற்றிய மாப்பொருள். சோளனிலும் எடுப்பார்கள், மரவள்ளியிலும் எடுப்பார்கள். போத்தலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேள்விக்குறி போடு.

தங்கச்சி: கிளினிக்கில் எனக்குத் தருகிற திரிபோஷாச் சத்துமா?

சித்தப்பா: சோளனும் சோயாவும்தான். வயிற்றுப்பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு போடு 😄

நான்: பெரியம்மா வீட்டுக்கு இப்போது முட்டை, கஸ்டர்ட், மத்தியானக் கோழிக்கறி. மூன்று. சோஸ் கேள்விக்குறி.

பெரியம்மா: கஸ்டர்டை வெட்டு. அது நேற்றுச் சாப்பிட்டது.