பொருள்: அன்டெனா பொயின்டுக்கு வரும் வயர் – ஓரச்சு வடமா, கவச வடமா?

அனுப்புநர்: மின்னிணைப்புப் பயிற்சி ஆசிரியை, உப்புவெளி

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மின்னிணைப்பு வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சுவரில் ரி.வி. அன்டெனா பொயின்ட் வைக்கும் பாடத்தில் ஒரு சொல்லில் நிற்கிறேன். கூரையிலிருந்து ஹோலுக்கு இறங்கும் கோஅக்சியல் கேபிளை, அதாவது நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உலோகப் பின்னலும் ஒரே அச்சில் உள்ள வயரை, பிள்ளைகள் ‘அன்டெனா வயர்’ என்கிறார்கள். பழைய இரட்டைத் தட்டை வயரும் அவர்களுக்கு அன்டெனா வயர்தான். தட்டை வயரின் மின்மறிப்பு (சைகைக்கு வயர் காட்டும் எதிர்ப்பு) 300 ஓம், கோஅக்சியலுக்கு 75 ஓம். பேர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் நேரே முறுக்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில் சைகை வலுவில் 36 சதவீதம் வந்த வழியே திரும்பிவிடும். ‘ஓரச்சு வடம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கருத்து தேவை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம்பலகாமம்

மகளே, வடம் நல்ல சொல். தேரை இழுப்பது வடம், கழுத்தில் கிடப்பது வடம். பல புரி சேர்ந்து ஒன்றாக நின்றால் அது வடம். கேபிளுக்கு வேறு தேட வேண்டாம். எனக்கு இடிப்பது ‘அச்சு’. அது வடமொழி அக்ஷத்திலிருந்து வந்தது என்று கொள்வோர் உண்டு. நானும் அந்தக் கட்சி. வண்டியச்சுக்கு ‘இருசு’ என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது கடன் எதற்கு? ‘ஓரிருசு வடம்’ என்று வையுங்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருகோணமலை நகர்

ஐயா, ‘ஓரிருசு’ என்பதைப் படிக்கிற பிள்ளை ‘ஓரிரு’ என்ற இடத்தில் நின்றுவிடும். ஒரு வயரா இரண்டு வயரா என்று தடுமாறும். ‘ஓரச்சு’ம் எனக்கு ஒப்பவில்லை. ஓரத்தில் இருக்கும் அச்சு என்றுதான் முதலில் காதில் படுகிறது. அச்சு என்றால் அச்சகம், அச்செழுத்து என்றும் போகும். இந்த வயரின் சிறப்பு அதைச் சுற்றியிருக்கும் பின்னல்தானே? ‘கவச வடம்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

அனுப்புநர்: அன்டெனா பொருத்துபவர், கிண்ணியா

தங்கச்சி, கவசம் வேண்டாம். மண்ணுக்குள் தாழ்க்கிற மின்சாரக் கேபிள் இருக்கிறது. இரும்புக் கம்பி சுற்றியது, உள்ளே 230 வோல்ட் ஓடும். கவச வடம் என்றால் எங்கள் வேலைக்காரப் பொடியன்கள் அதைத்தான் நினைப்பார்கள். ரி.வி. வயர் என்று நினைத்து அதில் கத்தி வைத்தால் உயிர் போகும். கையேடு படித்து ஒருவன் சாகக்கூடாது.

சொல் எதுவானாலும், கடைக்குப் போகிறவன் எதைப் பார்த்து வாங்குவது என்றும் எழுதுங்கள் ரீச்சர். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று பின்னலைத் தின்கிறது. நிலாவெளிப் பக்கம் நான் கழற்றுகிற பழைய வயர்களில் செம்புப் பின்னல் பச்சையாகிக் கையோடு உதிர்கிறது. பெரும்பாலும் தண்ணீர் போனது மேல் நுனி வழியாகத்தான். கனெக்டர் மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் றப்பர் ரேப் சுற்ற வேண்டும். சுவருக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

அனுப்புநர்: பொறியியலாளர், மூதூர்

கிண்ணியா நானா சொன்னது முக்கியம், கவச வடத்தை இதோடு விடுவோம். ஐயாவுக்கு ஒரு சொல்: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ (மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும்) என்று 475ஆம் குறளில் வள்ளுவரே ஆண்ட பிறகு, அச்சைக் கடன் என்று தள்ளிவைப்பது எப்படி?

அச்சை விடக்கூடாது என்பதற்கு என் காரணம் வேறு. இந்தக் கேபிளில் இரண்டு கடத்திகள். ஒன்று நடுக்கம்பி, மற்றது அதைச் சுற்றிய குழாய் போன்ற பின்னல். இரண்டுக்கும் மையம் ஒன்றே. ஆங்கிலேய மின்னியல் அறிஞர் ஒலிவர் ஹெவிசைட் 1880இல் காப்புரிமை பெற்றது இந்த அமைப்புக்குத்தான். பின்னலின் உள்விட்டத்துக்கும் நடுக்கம்பியின் விட்டத்துக்கும் உள்ள விகிதமும் இடையில் இருக்கும் நுரைப் பிளாஸ்டிக்கும் சேர்ந்துதான் அந்த 75 ஓமைத் தருகின்றன. கிளிப்பைச் சுத்தியலால் அடித்து வயரை நசுக்கினால், அல்லது மூலையில் ஒடித்து மடக்கினால், கம்பி நடுவை விட்டு விலகும். அந்த இடத்தில் 75 ஓம் இல்லை. வெளியே தோல் கிழியாததால் பழுது கண்ணுக்குத் தெரியாது. ‘ஓரச்சு’ என்ற சொல்லைக் கற்ற பிள்ளைக்கு ஏன் நசுக்கக்கூடாது என்று விளக்குவது எளிது. வேறெந்தச் சொல்லும் இதைச் செய்யாது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம்பலகாமம்

குறளில் வந்தது மறுப்பல்ல. வள்ளுவர் காலத்திலேயே வந்து சேர்ந்த சொற்கள் பல. ஆனால் ‘ஓரத்து அச்சு’ என்ற ஐயத்தை நான் ஏற்கமாட்டேன், எனக்குப் பிடிக்காத சொல்லானாலும் இலக்கணம் இலக்கணம்தான். ஓரம் + அச்சு என்றால் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றி ‘ஓரவச்சு’ ஆகும்; மரம் + அடி ‘மரவடி’ ஆவதுபோல. ‘ஓரச்சு’ என்று வந்தால் அது ஒரு + அச்சுதான். ஓர் என்பது உயிர்முன் வருவது. பிறகு வடம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல இருக்கிறது. ‘வட்டம்’, ‘வடம்’, ‘வளை’ மூன்றும் வளைதல் கருத்தில் பிறந்தவை என்பது என் துணிபு. இதை விரித்து நாளை எழுதுகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், திருகோணமலை நகர்

சந்தி விதி எனக்கும் தெரியும் ஐயா. நான் சொன்னது காதில் விழுவதைப் பற்றி. வகுப்பில் இருக்கும் பிள்ளை நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு வயர் இழுப்பதில்லை. ‘கோஅக்சியல் வடம்’ என்றே எழுதிவிட்டால் என்ன? கடையில் அந்தப் பேரைத்தானே சொல்லிக் கேட்க வேண்டும்?

அனுப்புநர்: மின்னிணைப்புப் பயிற்சி ஆசிரியை, உப்புவெளி

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைக்கு மேல் என்னால் இழுக்க முடியாது. மூதூர் பொறியியலாளரும் நானும் ஓரச்சுக்கு. கிண்ணியா நானா எதுவானாலும் சரி, கவசம் மட்டும் வேண்டாம் என்கிறார். பாடத்தில் இப்படிப் போகிறது:

“அன்டெனா பொயின்டுக்கு 75 ஓம் ஓரச்சு வடம் (கடையில் கோஅக்சியல் என்று கேட்கவும்) பயன்படுத்துக. ஆர்ஜி 6 வகை, நடுக்கம்பி சுமார் 1 மில்லிமீற்றர். ஆர்ஜி 59 மெல்லியது. 800 மெகாஹேட்சில் 100 மீற்றருக்குச் சைகை வலுவில் சுமார் 25 டெசிபெல் இழக்கும், ஆர்ஜி 6 சுமார் 20. உலோகத்தாளும் அடர்ந்த பின்னலும் இரண்டும் உள்ளதை வாங்குக. அன்டெனாத் தூணில் அம்ப்ளிஃபயர் வைத்து அதற்கு மின்சாரத்தையும் இதே வடத்தில் அனுப்புவதானால் நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்கட்டும். செம்புப் பூச்சிட்ட உருக்கில் மின்தடை அதிகம். வடத்தின் தடிப்பைப் போல் பத்து மடங்கு ஆரைக்குக் குறைய வளைக்காதே.”

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம்பலகாமம்

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. இருசுக்கான என் வாக்கு அப்படியே நிற்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுப்புவேன். ‘அம்ப்ளிஃபயர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, ‘பெருக்கி’ இருக்க அது எதற்கு?

அனுப்புநர்: அன்டெனா பொருத்துபவர், கிண்ணியா

ரீச்சர், 300 ஓமையும் 75 ஓமையும் சேர்க்க நடுவில் வைக்கிற சின்னப் பெட்டிக்கு என்ன பேர் போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் ‘பலன்’ (ஆங்கில balun) என்கிறோம். அதைத் தமிழ்ச்சொல் என்று நினைத்து யாரும் பொருள் தேடப் போகிறார்கள், அதையும் வெள்ளிக்கு முன் பார்த்துவிடுங்கள்.