தாத்தா சதாபிஷேகம் (குடும்பக் குழு)

சித்ரா அத்தை: வெள்ளிக்கிழமை விசேஷம், அப்பாவுக்கு என்ன குடுக்கறோம்னு ஒருத்தரும் வாய தொறக்கல

கார்த்திக்: அத்தை நான் ஒரு கடிகாரம் பண்ணிட்டிருக்கேன், ஈஎஸ்பி32னு வைஃபை உள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு, அதோட 64க்கு 32 எல்இடி பேனல், மொத்தம் 2048 புள்ளி, நிமிஷம் மாறுறப்ப பழைய நம்பர் உதிர்ந்து புதுசு மேலேர்ந்து வந்து உக்காரும், மாறுற நம்பர் மட்டும்தான் அசையும், எல்லாமே ஆடுனா தாத்தாவுக்கு கண்ணு கூசும்

முருகன் சித்தப்பா: சுவர்ல ஒண்ணு ஓடுதே

சித்ரா அத்தை: ராத்திரி டார்ச் அடிச்சு பாக்கறார்டா, நீ என்னைக்கு கவனிச்ச

முருகன் சித்தப்பா: போன வருஷ ஸ்மார்ட் வாட்ச் பீரோவுல தூங்குது. என் பங்கு 2000

ராஜு மாமா: அது இப்ப எதுக்கு

ப்ரியா: வீடியோ போடுடா

கார்த்திக்: 🎥

ப்ரியா: ஐயோ அந்த 7 விழுறது செம்ம அழகு

ராஜு மாமா: கரண்ட் போனா?

கார்த்திக்: வந்ததும் நெட்ல என்டிபி சர்வர்ட்ட மணி கேட்டுக்கும் மாமா, அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் தரும், நம்ம நேரத்துக்கு 19800 செகண்ட் கூட்டணும், அதாவது அஞ்சரை மணி நேரம். நெட்டும் இல்லனா டிஎஸ்3231னு ஒரு சிப், பட்டன் பேட்டரில நேரத்த விடாம வச்சிருக்கும். ஆனா இந்த போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் எடுக்கும், சித்தப்பா அங்க ரவுட்டர்ல அது ஆன்ல இருக்கா பாருங்க, பாஸ்வேர்டும் வேணும்

முருகன் சித்தப்பா: சித்திய கேக்கணும்

பாட்டி: ராகு காலம் காட்டுமா கார்த்தி காலண்டர்ல எழுத்து பொடிசா இருக்கு

கார்த்திக்: காட்டலாம் பாட்டி! திங்கள் 7:30 டு 9, செவ்வாய் 3 டு 4:30, கிழமைக்கு ஒண்ணுனு போட்டுட்டா அந்த நேரம் நம்பரே ஆரஞ்சாயிடும்

ராஜு மாமா: வெள்ளி 10:30 டு 12. ஐயர்கிட்ட சொல்லியாச்சா

சித்ரா அத்தை: 9 மணிக்கே கலசம் வச்சிடறாராம்

ராஜு மாமா: அப்ப டிபன் 7க்கு ரெடியா இருக்கணுமே

முருகன் சித்தப்பா: பொங்கலா கிச்சடியா

பாட்டி: பொங்கல். போன விசேஷத்துல கிச்சடி குழைஞ்சு போச்சு

சித்ரா அத்தை: அந்த சமையல்காரர் இவர் புடிச்சது

ராஜு மாமா: 🙏

கார்த்திக்: 12 மணி கணக்கா 24ஆ?

ப்ரியா: 24. தாத்தா ரயில்வேடா

பாட்டி: எனக்கு 12 தான் புரியும்

கார்த்திக்: ரெண்டும் வைக்கறேன், பின்னாடி ஒரு பட்டன், பகல்ல தாத்தாவுக்கு 24, ராத்திரி பாட்டிக்கு 12

சித்ரா அத்தை: ராத்திரிதானே அவர் பாக்கறாரு

முருகன் சித்தப்பா: பந்தியில எத்தனை பேர், 60ஆ 80ஆ

கார்த்திக்: சித்தப்பா பாஸ்வேர்ட்