காம்பினேஷன் மைக்ரோவேவ்: உள்ளே தீப்பொறி வருகிறது, பிளக்கும் சுடுகிறது. பயன்படுத்தலாமா?

பொள்ளாச்சி_நிலா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 28 லிட்டர் காம்பினேஷன் மைக்ரோவேவ் இருக்கிறது. மைக்ரோவேவ், கிரில், கன்வெக்‌ஷன் மூன்றும் உண்டு. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை சோறு, குழம்பு சூடு பண்ணவும் அப்பளம் சுடவும்தான் பயன்பட்டது. போன மாதம் மகள் ஆசைப்பட்டாள் என்று கன்வெக்‌ஷனில் கேக், காம்பியில் (மைக்ரோவேவும் சூடும் சேர்ந்து ஓடும் முறை) சிக்கன் என்று ஆரம்பித்தேன். அன்று பிடித்த தொல்லை இன்னும் விடவில்லை.

நேற்று மசாலா தடவிய சிக்கனை, அடுப்போடு வந்த கம்பி ஸ்டாண்டில் அடுக்கி, எண்ணெய் சொட்டுவதற்காகக் கீழே ஓர் எவர்சில்வர் தட்டையும் வைத்துக் காம்பியில் போட்டேன். மூன்றாவது நிமிடம் 'பட் பட்' என்று சத்தம். உள்ளே வலது பக்கச் சுவரில் நீலமும் மஞ்சளுமாகப் பொறி பறந்தது. பதறிப்போய் நிறுத்தினேன். எவர்சில்வர் தட்டுதான் காரணம் என்று நினைத்து, இன்று காலை வெறும் கண்ணாடிக் கிண்ணத்தில் பால் மட்டும் வைத்தேன். அப்போதும் அதே இடத்தில் பொறி.

இன்னொன்று: கன்வெக்‌ஷனில் ஓடும்போது பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. மைக்ரோவேவில் ஓடும்போது அவ்வளவு இல்லை. போன வாரம் 'மைக்ரோவேவ் சேஃப்' என்று அடியில் எழுதியிருந்த பிளாஸ்டிக் டப்பா கன்வெக்‌ஷனில் அப்படியே குழைந்து கம்பியில் ஒட்டிக்கொண்டது. மாமியார் இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடச் சொல்கிறார். வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருக்கிறது. கதிர்வீச்சு ஏதும் வெளியே வருமா என்றும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி_சர்வீஸ்

சகோதரி, முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இந்தத் தொழிலில் பதினாறு வருடமாக இருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு பிரச்சினை. மூன்றையும் சரிசெய்யலாம்.

வெறும் பாலுக்கும் அதே இடத்தில் பொறி வருகிறது என்றால் எவர்சில்வர் தட்டின் வேலை அதோடு முடிந்துவிட்டது. வலது சுவரில் பழுப்பு நிறத்தில், அட்டை மாதிரி ஒரு சதுரத் தகடு இருக்கிறதா பாருங்கள். அதில் கருத்த புள்ளி ஏதாவது தெரிகிறதா?

பொள்ளாச்சி_நிலா

ஆமாம் அண்ணா, இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் சாந்துப் பொட்டு அளவுக்குக் கருகி, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது. விரலால் தொட்டால் கரி ஒட்டுகிறது. சுற்றிலும் மிளகாய்ப்பொடி கலந்த எண்ணெய் பிசுக்கு. இத்தனை நாளும் அது அடுப்புச் சுவரின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தேன்.

திருச்சி_சர்வீஸ்

அதன் பெயர் மைக்கா தாள். அபிரகத்தில் செய்தது. மேக்னட்ரான் என்ற பாகம் உண்டாக்கும் அலைகள் அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. அபிரகம் அலையைத் தடுக்காது, சூட்டையும் தாங்கும், குழம்பு தெறித்து உள்ளே போகாமல் மறைத்தும் வைக்கும். ஆனால் அதன் மேல் எண்ணெய் தெறித்து, துடைக்காமல் விட்டுவிட்டால், அந்தப் பிசுக்கு காய்ந்து கரியாகிவிடும். கரியில் மின்சாரம் பாயும். அலை வெளியே வரும் வாசலிலேயே இப்படி ஒரு புள்ளி உட்கார்ந்தால் சக்தி முழுக்க அங்கே குவிந்து பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் கரியைக் கொஞ்சம் பெரிதாக்கும். உங்கள் எவர்சில்வர் தட்டு இதைத் துரிதப்படுத்தியிருக்கலாம். அடித்தளம் சிக்கன் எண்ணெய்தான்.

தாள் விலை அதிகம் இல்லை. உங்கள் மாடலுக்கு உரியதைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது பெரிய தாளைப் பழையதன் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டியும் போடுவோம். ஆனால் பொறி வந்த அடுப்பு என்பதால் ஒரு மெக்கானிக் பார்ப்பது நல்லது. தாளுக்குப் பின்னால் சுவரின் பெயின்ட் எரிந்திருந்தால் புதுத் தாள் போட்டாலும் பொறி திரும்ப வரும். மேக்னட்ரானின் மூக்கில் இருக்கும் மூடி உருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தாளைக் கழற்றிவிட்டு 'இன்று ஒரு நாள்' என்று ஓட்டாதீர்கள். ஆவியும் எண்ணெயும் நேரே மேக்னட்ரானுக்குப் போகும்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: வெளிக்கூட்டைக் கழற்றி யாரும் வீட்டில் பார்க்க வேண்டாம். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மிச்சம் இருக்கக்கூடும். மிக்ஸியைக் கழற்றுவது போல இதைக் கழற்றி உயிரை விட்டவர்கள் உண்டு. யூடியூப் பார்த்துத் தொடக்கூடாத பொருள் இது.

கம்பியும்_கட்டையும்

பிளக் பற்றி நான் சொல்கிறேன். வயரிங் வேலை செய்கிறவன். அக்கா, அடுப்பின் பின்பக்க ஸ்டிக்கரில் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், பாருங்கள். அப்புறம் அது எந்த சாக்கெட்டில் மாட்டியிருக்கிறது?

பொள்ளாச்சி_நிலா

மைக்ரோவேவ் 1,400 வாட், கன்வெக்‌ஷன் 2,200 வாட் என்று இருக்கிறது. பெரிய மூன்று முள் பிளக்தான். அடுப்படியில் பெரிய சாக்கெட்டை ஃபிரிட்ஜுக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் இதைக் கன்வெர்ட்டர் போட்டு, மிக்ஸி மாட்டும் சின்ன சாக்கெட்டில் செருகியிருக்கிறோம்.

கம்பியும்_கட்டையும்

அதுதான். சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட். மைக்ரோவேவின் 1,400 வாட்டே அந்த எல்லையில்தான் நிற்கிறது, அதனால் பெரிதாகச் சுடவில்லை. கன்வெக்‌ஷனுக்கு 2,200 வாட் என்றால் ஒன்பதரை ஆம்பியர். கேக் என்றால் முக்கால் மணி நேரம் விடாமல் போகும். பிளக் சுடாமல் என்ன செய்யும்?

சாக்கெட்டை மட்டும் பெரிதாக மாற்றி நிறுத்திவிடாதீர்கள். சின்ன சாக்கெட்டுக்குச் சுவருக்குள் போகும் கம்பியும் மெல்லியதாகவே இருக்கும். போர்டு அழகாகப் புதிதாக இருக்கும், சுவருக்குள் கம்பி வெந்துகொண்டிருக்கும். மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் இந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அடுப்பின் உடம்பு முழுக்கத் தகரம். எர்த் இல்லாமல் உள்ளே ஏதாவது கசிந்தால் கதவைத் திறக்கிற கையில்தான் அடிக்கும். ஃபிரிட்ஜ் மூன்று முள் சின்ன பிளக்கோடு வந்திருந்தால் அதையே சின்ன சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, வேலை முடியும் வரை பெரிய சாக்கெட்டை அடுப்புக்குக் கொடுக்கலாம்.

கேக்_வாசம்

நிலா, எட்டு வருடமாக வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். பிளாஸ்டிக் டப்பா கதை எனக்கும் நடந்தது. 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற வார்த்தை மைக்ரோவேவுக்கு மட்டும்தான். அதில் பாத்திரத்தை அலை சூடாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சாப்பாடுதான் சூடாகிறது. அதனால் டப்பா தப்பிக்கிறது. கன்வெக்‌ஷன் என்பது பேக்கரி அடுப்பு. பின்னால் கம்பிச் சுருள் பழுத்து, விசிறி 180, 200 டிகிரிக் காற்றை வீசுகிறது. எந்த டப்பாவும் தாங்காது. அங்கே அலுமினியம் கேக் டின், எவர்சில்வர் எல்லாம் தாராளமாக வைக்கலாம். அதே டின்னை மைக்ரோவேவில் வைத்தால் பொறி.

காம்பியில் இரண்டும் கலந்து வேலை செய்கிறது. ஆகவே இரண்டின் விலக்கும் சேர்ந்து வரும்: பிளாஸ்டிக்கும் ஆகாது, உலோகமும் ஆகாது. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி, தங்க ஓரம் வெள்ளி ஓரம் இல்லாத பீங்கான், இவ்வளவுதான். அடுப்போடு வந்த கம்பி ஸ்டாண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் கையேட்டில் சொன்ன முறையில், அடுப்பின் சுழலும் தட்டின் நடுவில், சுவரில் இடிக்காமல், மேலே சாப்பாடு இருக்கும்போது. வேறு அடுப்பின் ஸ்டாண்டை இரவல் வாங்கி வைக்காதீர்கள். எண்ணெய் சொட்டுவதற்கு எவர்சில்வருக்குப் பதில் ஒரு கண்ணாடித் தட்டு வையுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்சூடு முடிந்து 'பீப்' அடித்ததும் டின்னை உள்ளே வைத்து அவசரத்தில் ஸ்டார்ட் அழுத்துவோம். பல மாடல்களில் நேரமும் முறையும் கொடுக்காமல் ஸ்டார்ட்டை அழுத்தினால் முழு சக்தியில் மைக்ரோவேவ் முப்பது வினாடி ஓடும். அலுமினிய டின்னோடு அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரு ரசமலாய் கேக் ஆர்டர் அன்று இப்படித்தான் டின் ஓரம் பொசுங்கியது. இப்போது ஸ்டார்ட் அழுத்தும் முன் திரையில் எந்தப் படம் எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விரலை வைக்கிறேன். விசிறிப் படமா, அலைப் படமா என்று மகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

வெளியே எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஈரக் கிரானைட் மேடையில் வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்தேன். இரண்டு வினாடி சும்மா இருந்தது, அப்புறம் 'டப்' என்று நேர்க்கோடாகப் பிளந்து மக்ரோனி முழுவதும் மேடையில். மரப்பலகையோ மடித்த உலர்ந்த துணியோ போடுங்கள்.

ஓய்வு_இயற்பியல்

அம்மா, கதிர்வீச்சு பற்றிய பயத்துக்கு ஒரு வார்த்தை. 33 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். இந்த அலை 2,450 மெகாஹெர்ட்ஸ். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி இதற்குக் கிடையாது. பொருளைச் சூடாக்கும், அவ்வளவே. அடுப்பு நின்ற கணமே அலையும் நின்றுவிடும், சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்சுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். கண்ணாடிக்குள் தெரியும் புள்ளிப் புள்ளியான தகடு அலையைத் திருப்பி உள்ளேயே அனுப்பும். அந்த ஓட்டைகள் அலையின் நீளமான 12 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை.

கசிவுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். தூரம் கூடக் கூட அது வேகமாகக் குறையும். ஆனால் இதெல்லாம் கதவு நல்ல நிலையில் இருந்தால்தான். கீல் ஆடினாலோ, கதவு சட்டம் வளைந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டாலோ ஓட்டக் கூடாது. திறந்த கதவின் மேல் குழந்தை சாய்ந்து தொங்குவது, கனமான பாத்திரத்தை வைப்பது, இவைதான் கதவைக் கெடுக்கின்றன.

கதிர்வீச்சைவிடக் குழந்தைக்கு நெருங்கிய ஆபத்து வெந்நீர். மைக்ரோவேவில் வைத்த தண்ணீர் சில நேரம் கொதிநிலை தாண்டியும் குமிழி விடாமல் சாதுவாக நிற்கும். காபித்தூளோ சர்க்கரையோ போட்ட நொடியில் மொத்தமும் முகத்துக்கு எழும்பும். உள்ளே ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கள், நின்றபின் அரை நிமிடம் விட்டு எடுங்கள். ஓட்டோடு முட்டை வைப்பதும் அப்படித்தான், வெளியே எடுத்த பிறகுகூட வெடிக்கும்.

பொள்ளாச்சி_நிலா

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மெக்கானிக் வந்து மைக்கா தாளை மாற்றினார். பின்னால் பெயின்ட் எரியவில்லை, மேக்னட்ரான் மூடியும் நன்றாக இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார், பொறி இல்லை. எலக்ட்ரீசியன் பழைய சாக்கெட்டைக் கழற்றியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. உள்ளே சிவப்புக் கம்பியின் உறை இரண்டு அங்குலத்துக்கு உருகிக் கருப்பாக இருந்தது. பச்சைக் கம்பியை மாட்டவே இல்லை, மடித்து மூலையில் செருகி வைத்திருந்தார்கள். வீடு கட்டியதிலிருந்து அந்த சாக்கெட்டில் எர்த்தே கிடையாது. நான் தினமும் மிக்ஸி போட்ட இடம். இப்போது தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், எம்சிபி எல்லாம் போட்டாயிற்று. நேற்று 40 நிமிடம் கேக் வெந்தது, பிளக் லேசாக வெதுவெதுப்போடு சரி.

மாமியார் சமாதானமாகி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: தோட்டத்துக் கறிவேப்பிலையைப் பொடிக்காக இதில் காயவைக்கலாமா?

திருச்சி_சர்வீஸ்

மாமியாருக்கு வணக்கம் சொல்லுங்கள். காயவைக்கிறோம் என்று உள்ளே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் தீப்பிடிக்கும். ஈரம் போனதும் அலையை உறிஞ்ச எதுவும் இல்லாமல் இலையின் ஓரமே பற்றிக்கொள்ளும். நிழலில் துணி விரித்துக் காயவைப்பதே நல்லது. மழைக்காலத்தில் அவசரம் என்றால், கழுவி நன்றாகத் துடைத்து, ஒரே அடுக்காகப் பரப்பி, 20, 30 வினாடியாக வைத்துத் திறந்து புரட்டி, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஒருவேளை எது உள்ளே பற்றினாலும் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் இன்னும் எரியும். சுவிட்சை அணையுங்கள், கதவு மூடியே இருக்கட்டும், புகை அடங்கும் வரை பொறுங்கள். அப்புறம் கேக் முடிந்ததும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், அது உள்ளே குளிரவைப்பதற்காக. தானாக நிற்கும் வரை பிளக்கை அணைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். சிக்கன் செய்த அன்று, அடுப்பு ஆறியதும் ஈரத்துணியால் அந்தப் புது மைக்கா தாளை மெதுவாக ஒரு முறை துடைத்துவிடுங்கள்.