பனிக்காலம் முடிந்தபின் வீட்டில் கட்டிய காரில் எந்த வேலையை முதலில் எடுப்பது?

கேத்திவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் அண்ணனும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கைக் கார் ஒன்று, நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கின் மேல்பக்கம், கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. காலின் சாப்மன் 1957-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரின் அமைப்பைப் பின்பற்றியது அது. மூக்குப் பகுதியும் மட்கார்டுகளும் கிட்டாக வந்த ஃபைபர் உறுப்புகள். சதுர இரும்புக் குழாய்களால் ஆன சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தை நாங்களே வெல்டிங் செய்து, அதன்மேல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துப் பொருத்தினோம். எஞ்சினும் முன் டிஸ்க் பிரேக்கும் கார்புரேட்டர் காலத்து ஜிப்சியிலிருந்தும், பின் ஆக்சில் டிரம் பிரேக்குடன் ஆம்னியிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வண்டிக்குப் பதிவு இல்லாததால் பொதுச்சாலையில் ஓட்டுவதில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் சொந்தப் பாதைகளில் மட்டும் ஓட்டுகிறோம். இந்த ஆண்டு லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

வடகிழக்குப் பருவமழையும் அதன்பின் உறைபனியும் கடந்த பிறகு வண்டியை வெளியே எடுத்துப் பார்த்ததில் பல குறைகள் தெரிகின்றன. முன் மட்கார்டுகளின் போல்ட்டுகளைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல்கள் ஓடியிருக்கின்றன. தரைத்தகட்டின் ரிவெட்டுகள் ஓரமாக வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அங்கே பெயின்டும் உப்பியிருக்கிறது. தோட்டத்துச் சரிவில் இறங்கி முடித்ததும் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. இண்டிகேட்டர் போட்டால் முகப்பு விளக்கும் சேர்ந்து மங்கிமங்கி எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கரும்புகை வருகிறது. இவை போதாதென்று, பின் டிரம்களை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாம் என்று அண்ணன் சொல்கிறார். மாசிக் கடைசியிலிருந்து கோடை மழை தொடங்கும்வரை கிடைக்கும் உலர்ந்த வாரங்களுக்குள் எதை முதலில் முடிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குன்னூர் பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் அந்த வெள்ளைப் பொடிதான். அலுமினியமும் இரும்பும் ஈரத்தின் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையில் முதலில் அரிபடுவது அலுமினியம். அந்தப் பொடி அதன் ஆக்சைடு. ரிவெட் துளையின் ஓரத்தில் பெயின்ட் போயிருந்தால் அடியிலுள்ள இரும்புக் குழாயும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். நம் மலையில் மழை நின்றாலும் மூடுபனியும் விடியற்காலைப் பனியும் தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் ஈரத்தை நிறுத்திவைத்துவிடுகின்றன. வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்த இடம் எளிதில் உலராது.

ஆகவே முதல் வேலையாகத் தரைத்தகட்டின் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் தகட்டை இறக்குங்கள். குழாய்களைச் சிறு சுத்தியால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் அரித்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். சந்தேகப்படும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்துத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தால் போதும். துளை விழுந்திருந்தால் மேலே பட்டை வைத்து ஒட்டவைக்காமல், அந்தத் துண்டையே வெட்டியெடுத்து அதே அளவும் அதே கனமும் உள்ள குழாயை வைத்து வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதும் பெட்ரோல் டேங்க்கை வண்டியிலிருந்து முழுவதுமாக இறக்கித் தொலைவில் வைப்பதும் கட்டாயம். வெல்டிங் சூட்டில் குழாயின் உட்புறப் பூச்சு எரிந்துவிடும் என்பதால், ஆறியபின் உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பைப் பீய்ச்ச வேண்டும். தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடாதபடி நடுவில் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட் என்னும் நீர்புகாப் பசை தடவி, ஒவ்வொரு ரிவெட்டையும் அதே சீலண்டில் நனைத்து அடியுங்கள்.

ஃபைபர் வேலையை இரண்டாவதாகச் சொல்வதற்குக் காரணம் தட்பவெப்பம். ஃபைபரை ஒட்டப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் 15 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. 18 முதல் 25 டிகிரிவரை அதற்கு உகந்தது. பங்குனியில்கூட உங்கள் பக்கம் இரவில் நல்ல குளிர் இருக்கும். எனவே மட்கார்டைக் கழற்றி ஓரிரு நாள் வெயிலில் உலர்த்தியபின், முற்பகலில் வேலையைத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் இறுகிவிடும்படி திட்டமிடுங்கள். நட்சத்திர விரிசலுக்கு வெளிப்பக்கம் மட்டும் பட்டி பார்த்தால் அடுத்த மழைக்குள் திரும்ப வந்துவிடும். உட்பக்கத்தைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி இரண்டு மூன்று அடுக்கு மேட் (கண்ணாடி இழைப் பாய்) ஒட்டி வலுவூட்டிய பிறகு, வெளிப்பக்க விரிசலை 'வி' வடிவில் திறந்து ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சு ரெசின்) நிரப்புங்கள். ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப்பட்டால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் அதன்மேல் பாலித்தீன் தாள் ஒட்டி மூடவேண்டும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவதால்தான் இந்த விரிசல் பெரும்பாலும் வருகிறது. திரும்பப் பூட்டும்போது அகலமான வாஷரும் அதன் அடியில் ரப்பர் வாஷரும் வையுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் ரெசினுடன், அதை இறுகச் செய்யும் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று இரண்டு தனித்தனிப் புட்டிகள் தருவார்கள். அவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் கேட்டலிஸ்ட்டை எடையில் 1 முதல் 2 விழுக்காடு சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

மலைப்பாதை எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்ன வரிசையில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. தகட்டை இறக்கிச் சேசிஸைப் பார்ப்பது சரிதான்; ஆனால் பிரேக்கைச் சீர்செய்யும்வரை வண்டியைச் சரிவில் இறக்கவே வேண்டாம். இறங்கி முடித்ததும் பெடல் மெத்தென்று போகிறது, ஆறியபின் சரியாகிறது என்றால், பிரேக் ஆயில் உள்ளே கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிறது என்று கொள்ள வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 140 டிகிரி மட்டுமே. டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. மூடுபனியில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவதே சரி. சீல் உடைக்காத புதிய டாட் 4 வாங்கி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றெடுத்துக்கொண்டே வாருங்கள். ஆம்னி வீல் சிலிண்டர்களின் ரப்பர் உறையை விலக்கிக் கசிவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்ற நம் மலை ஓட்டுநர்களின் வழக்கம், எடை குறைந்த காருக்கும் அப்படியே பொருந்தும்.

பின்பக்கம் டிஸ்க் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் வண்டி ஜிப்சியைவிடப் பல நூறு கிலோ எடை குறைந்தது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால் பின்சக்கரங்களுக்கு எஞ்சும் வேலை சிறிது. முன்பக்கம் ஒரு வண்டியிலிருந்தும் பின்பக்கம் வேறொரு வண்டியிலிருந்தும் வந்திருப்பதால், முதலில் அறிய வேண்டியது எந்தச் சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்கிறது என்பதே. சமதளத்தில், ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் சோதியுங்கள். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுழலும். அப்போது தேவைப்படுவது பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, டிஸ்க் அன்று. சரிவில் நிறுத்திவைக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் டிரம்தான் எளிமையானது, நம்பகமானது.

தகட்டை இறக்கும்போது சஸ்பென்ஷன் ஆர்ம்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுங்கள். ஆனால் அந்த போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நிலையில்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேத்திவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிஸ்க் யோசனையை அண்ணன் கைவிட்டுவிட்டார். தகட்டை இறக்கினோம், ஓட்டுநர் பக்கத்துக் கீழ்க்குழாயில் ஓரிடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது, மற்றவை மேல்துரு மட்டுமே. கரும்புகைக்கு, உயரம் காரணமாக, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றச் சொல்கிறார் இங்குள்ள மெக்கானிக். அது சரியா? இன்னொரு கேள்வியும் உண்டு. குழாய்களில் தண்ணீர் வடிவதற்குத் துளை போடலாமா, அல்லது அந்தத் துளை வழியாகவே ஈரம் உள்ளே போய்விடுமா?

கோவைத் தடம் எழுதியது:

ஜெட்டை மாற்றுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதனால் கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் பெட்ரோல் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடிவிடும் என்பது உண்மை. ஆனால் இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் அது கலவையை ஏறக்குறைய எட்டு விழுக்காடு மெலியச் செய்கிறது. உங்கள் உயரத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அப்படியிருந்தும் கரும்புகை வருகிறதென்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுவதும் திறக்காமல் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் ஈரத்தில் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை எத்தனாலில் ஊறிப்போய்ப் பெட்ரோலை நிறுத்தாமல் விடுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். பழைய வண்டிகளில் மூன்றாவது காரணத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பனிக்காலம் முழுவதும் பாதி டேங்க்கில் கிடந்த பெட்ரோலில் ஈரம் இறங்கி எத்தனாலும் தண்ணீரும் அடியில் பிரிந்திருக்கவும் கூடும். பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக் சொன்னபடி சிறிய ஜெட் போட்டுவிட்டு அதே வண்டியைக் கரி தடத்துக்குக் கொண்டுவந்தீர்களானால் ஆபத்து பெரிது. கோயம்புத்தூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அடர்ந்த காற்று, எத்தனால், சிறிய ஜெட் மூன்றும் சேர்ந்து கலவையை மிகவும் மெலிவாக்கும். முழு ஆக்சிலரேட்டரில் பங்குனி வெயிலில் ஓட்டினால் எஞ்சின் நாக் செய்து (கலவை கட்டுமீறி வெடித்து) பிஸ்டன் பொசுங்கிவிடக் கூடும். தடத்துக்கு வரும்போது பழைய அளவுக்குச் சற்றுப் பெரிய ஜெட்டுடன் வாருங்கள். முதல் சில சுற்றுகளுக்குப் பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அன்று அதற்குமேல் ஓட்டக் கூடாது. பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் இது. அவர் பெயரைத் தாங்கிய தடத்தில் நம் கையால் கட்டிய வண்டி ஓடுவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் காட்சி. அது நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்பதால் இவ்வளவு சொல்கிறேன்.

ரேடியேட்டர் மூடியையும் புதிதாக்குங்கள். உங்கள் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்த சிறிது நேரத்திலேயே தண்ணீர் பொங்கும்.

விளக்கு மங்குவதற்கு ஃபைபர் மட்கார்டே காரணமாக இருக்கலாம். இரும்பு பாடியில் விளக்கின் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பாடி வழியாகவே அமைந்துவிடும். ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் சேசிஸ்வரை வர வேண்டும். அந்த ஒயர் பல விளக்குகளுக்குப் பொதுவாக இருந்து, அது இணையும் போல்ட் துருவேறியிருந்தால், இண்டிகேட்டரின் மின்னோட்டம் முகப்பு விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கும். பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பான இரும்பில் பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

குன்னூர் பட்டறை எழுதியது:

தம்பி, துளை பற்றிய கேள்விக்கு என் பதில் இது. எல்லா முனைகளும் வெல்டிங்கால் முற்றிலும் மூடப்பட்டு, எங்கும் துளைக்கப்படாத குழாய்க்கு வடிதுளை தேவையில்லை. உள்ளே இருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவும் நின்றுவிடும். ஆனால் ரிவெட் அடித்த குழாய் மூடிய குழாய் அன்று. ரிவெட்டின் நடுத்துளை வழியாகவும் ஓரம் வழியாகவும் ஈரம் உள்ளே போய்விடுகிறது, வெளியேற வழிதான் இல்லை. அதனால் ரிவெட் வாங்கிய கீழ்க்குழாய்கள் ஒவ்வொன்றிலும், வண்டி சமதளத்தில் நிற்கும்போது எந்த முனை தாழ்ந்திருக்கிறதோ அங்கே, அடிப்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட், எஞ்சின் மவுண்டிங் ஆகியவற்றின் வெல்டிங் ஓரத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம். அங்கே துளைத்தால் அதிர்வில் விரிசல் அந்தத் துளையிலிருந்து தொடங்கும். துளையின் பிசிறை நீக்கி, அதன் வழியாகவே மெழுகைப் பீய்ச்சி, மிகுதி சொட்டி முடிந்த பிறகு துளை அடைபடாமல் இருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் போன இடத்தை வெட்டும்போது, துருவின் எல்லைக்கு அப்பால் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டத் தயங்காதீர்கள். வெட்டியபின் படம் போட்டால் எந்த அளவுக் குழாய் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.