கேட்காமல் நடக்கும் அப்டேட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். கதையைச் சொன்னால்தான் எந்த மாதிரிச் சொல் வேண்டும் என்பது புரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு. போன ஆவணியில் நல்ல முகூர்த்த நெருக்கம். பெண் வீட்டார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ப்ரூஃப் பார்க்கிறார்கள். தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. கணினியை அணைக்காதே என்று ஒரு வரி. 12 சதவீதம், 19, 27. அந்த 27இல் அப்படியே நின்றது. தாய்மாமனும் அங்கேதான் இருந்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "இதை யாரு தம்பி போடச் சொன்னது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கணினி உயிர்த்தது. புதிய பதிப்பு. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் திறந்தது, எழுத்துருக்கள்தான் காணோம். எங்கள் தொழிலில் இன்னமும் பாதிக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தியவை. பாமினி மாதிரி எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு மேலே தமிழ் வேடம் போட்டுக் காட்டும். வேடம் கலைந்ததும் மணமக்கள் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தாகி, புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளியாக நின்றது. மணமகளின் அப்பா, "எங்க பொண்ணு பேரு எங்கே?" என்றார்.

இப்போது எங்கள் ஊர் மாத இதழ் ஒன்று, வீட்டுக்குக் கணினி வாங்குவது எப்படி என்று அரைப் பக்கம் கேட்டிருக்கிறது. அதில் இந்த விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'ஃபோர்ஸ்டு அப்டேட்' என்று எழுத மனமில்லை. 'தானியங்கிப் புதுப்பிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். தானாக எங்கே நடந்தது? யாரோ செய்தார்கள். அந்த 'யாரோ' தெரிகிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

* * *

தம்பிக்கு,

நான் முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி எனக்குப் பேரன் சொல்லிக்கொடுத்த அளவுதான். ஆனால் உங்கள் தாய்மாமன் நல்ல இலக்கணக்காரர். எழுவாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். 'கணினி புதுப்பிக்கப்படுகிறது' என்பது செயப்பாட்டுவினை. 'யாரால்' என்ற நாற்காலி அதில் காலி. 'தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது' என்றால் இன்னும் மோசம். மேசை மேல் இருக்கும் பெட்டிக்கே ஆசை வந்து செய்துகொண்டது போல ஆகிவிடும்.

முதலில் 'அப்டேட்' என்பதை முடிப்போம். 'புதுப்பிப்பு' தவறில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், நூலகப் புத்தகத்தைப் புதுப்பிக்கிறோம். அங்கெல்லாம் இருந்ததே நீடிக்கிறது, தேதிதான் மாறுகிறது. இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு. அதற்கு 'இற்றைப்படுத்தல்' என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அன்றைய என்பதற்கு அற்றை, இன்றைய என்பதற்கு இற்றை. புறநானூற்றில் பாரிமகளிர் பாட்டு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அற்றைத் திங்களில் தந்தையும் இருந்தார், குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இற்றைத் திங்களில் குன்று பிறர் கைக்குப் போய்விட்டது, தந்தையும் இல்லை. சொல்லப்போனால் உங்கள் எழுத்துருக்களுக்கு நடந்ததும் இதுதான்.

வன்மையோடு செய்வதால் 'வன்' சேர்க்கலாம். வன் + இற்றை, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், ஆக 'வன்னிற்றை'. சிறியது, வாயிலும் நிற்கும். பாருங்கள்.

* * *

ஐயாவுக்கு வணக்கம். நான் எதிர்க்கட்சி.

கோவையில் ஒரு கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன், 200க்குச் சற்று மேல். இங்கே எல்லோரும் அப்டேட்டைத் திட்டுகிறோம். திட்டுபவர்களில் பாதிப்பேர் 2017 மே மாதத்தை மறந்துவிட்டார்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் மே 12ஆம் தேதி உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. இரண்டு மாதமாகப் பலர் போடவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத்தில் 'அப்புறம்' என்ற பொத்தானை ஒரு மாணவன் அழுத்துவான், அடுத்தவன் அழுத்துவான், வருடம் போய்விடும். அப்புறத்துக்கு முடிவே கிடையாது ஐயா.

அதனால் சொல் நடுநிலையாக இருக்கட்டும். 'கட்டாய இற்றை' போதும். ஒரு வேண்டுகோள், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நான் அனுமதித்து, வேண்டாமென்றால் நிறுத்தக்கூடிய விதத்தில் நடப்பது ஒன்று. தள்ளிப்போடலாம், ஆனால் ஒரு நாள் போட்டே தீர வேண்டும் என்பது இன்னொன்று. விண்டோஸ் 10 வீட்டுப் பதிப்பு இரண்டாவது ரகம். 2015இல் வந்தபோது அதில் நிறுத்திவைக்கவே வழியில்லை. 2019 மே மாதப் பதிப்பில்தான் ஏழேழு நாளாக 35 நாள் வரை நிறுத்திவைக்க விட்டார்கள்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸில் 'ஸ்னாப்' பொதிகளாக வரும் மென்பொருள்கள் நாளுக்கு நான்கு முறை புதிது வந்திருக்கிறதா என்று பார்த்துத் தாமே மாறிக்கொள்ளும். தள்ளிப்போடலாமே தவிர, ஒரேயடியாக நிறுத்திவைக்கும் கட்டளை 2022 கடைசியில்தான் வந்தது.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

ஐயா குறை நினைக்க வேண்டாம். 'வன்னிற்றை' என்று எங்கள் ஆட்களிடம் சொன்னால் எல்லோரும் வன்னிப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். 'இற்றைப்படுத்தல்' எங்களுக்குப் பழகிய சொல், அதில் தகராறு இல்லை. (கணினியைக் கணனி என்று எழுதும் எங்கள் தகராறை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

'கட்டாயம்' எனக்குச் சரியாகப் படவில்லை. தலைக்கவசம் கட்டாயம் என்றால் நான்தான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், போடாவிட்டால் தண்டப்பணம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பின்னால் வந்து என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனால் அதைக் கட்டாயம் என்று சொல்வோமா? கட்டாயத்தில் செய்கிறவன் நான். இங்கே செய்கிறவன் வேறு ஆள். குழந்தை வாயை மூடிக்கொள்ள, சோற்றை உள்ளே தள்ளுகிறோமே, அது திணிப்பு. மூட்டையில் துணியைத் திணிக்கிறோம், துணியைக் கேட்டா? எனக்கு 'இற்றைத் திணிப்பு' சரியாகப் படுகிறது.

கோவைக்கார அண்ணன் நடுநிலை என்கிறார். அப்படியானால் 'அப்கிரேடு' என்பதற்கு 'மேம்படுத்தல்' என்று எழுதுகிறோமே, அது நடுநிலையா? மேம்பட்டது என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. அதற்கும் பெயர் மேம்படுத்தல்தான். விற்கிறவருக்குச் சாதகமான சொல் நடுநிலை, வாங்கினவர் பக்கம் சாய்ந்தால் மட்டும் அரசியலா?

* * *

கோவையிலிருந்து மறுபடியும்.

> விற்கிறவருக்குச் சாதகமான சொல் நடுநிலை

இது கொஞ்சம் உறைத்தது. மேம்படுத்தலை விட்டுவிட்டு இனி 'பதிப்பு மாற்றம்' என்றே எழுதுகிறேன், மேம்பட்டதா இல்லையா என்பதை வைத்திருப்பவர் சொல்லட்டும். ஆனால் 'திணிப்பு' என்றால் தமிழ்நாட்டில் முதலில் ஞாபகம் வருவது இந்திதான். அந்தச் சூடு இந்தச் சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புத் திருத்தத்தையும் சேர்த்து அதற்குள் போட்டுவிட்டால், எங்கள் மாணவர்கள் அப்டேட்டை நிறுத்துவதையே போராட்டமாக நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம், 'திணிப்பிற்றை' என்று யாரும் ஒட்டிவிடாதீர்கள். படிக்கும்போது 'பிற்றை' என்று காதில் விழுகிறது. பிற்றை என்றால் பிந்திய நாள் இல்லையா ஐயா? இன்றைக்கே போட்டே தீருவேன் என்பதற்கு அது நேர் எதிர்.

* * *

எல்லோருக்கும் நன்றி. கதையைத் தொடங்கியவன் நான், முடிவு சொல்ல வேண்டியவனும் நானே. நாளைக்கு இதழ் பிளேட்டுக்குப் போகிறது.

கோவை நண்பர் பிரித்துக் காட்டியதில் ஒரு படி குறைகிறது. நிறுத்தக்கூடியது ஒன்று, தள்ளிப்போட மட்டும் முடிவது இன்னொன்று. மூன்றாவதாக, கேட்பது போல் கேட்டுவிட்டு எந்தப் பதிலையும் சம்மதமாக எடுத்துக்கொள்வது. 2016 மே மாதத்தில் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10 அறிவிப்புப் பெட்டி வந்தது ஞாபகம் இருக்கலாம். மூலையில் பெருக்கல் குறி. உலகத்தில் எந்தப் பெட்டியிலும் அதற்கு 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம். அந்தப் பெட்டியில், குறித்த நேரத்தில் ஏற்றிக்கொள் என்று அர்த்தமாயிற்று. கூச்சல் கிளம்பிய பிறகுதான் மாற்றினார்கள். அதே சமயத்தில் கலிஃபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், தன் அலுவலகக் கணினி கேட்காமல் விண்டோஸ் 10க்கு மாற முயன்று படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டு, மைக்ரோசாஃப்டிடம் 10,000 டாலர் வாங்கினார். கட்டாயம் என்ற சொல் இதைத் தாங்காது. இங்கே திணிப்புதான் சரி.

அச்சுத் தொழிலில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் எச்பி நிறுவனத்தின் சில ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள் திடீரென்று மற்ற நிறுவன மைப்பெட்டிகளை ஏற்க மறுத்தன. முன்பே உள்ளே போயிருந்த ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருள், செய்த வேலை. கண்டனம் எழுந்த பிறகு, விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ள அந்தத் தடையில்லாத ஃபர்ம்வேரைக் கொடுத்தார்கள். ஓட்டையை அடைப்பதும் அப்டேட்தான், முந்தின நாள் வரை என்னுடையதாக இருந்த ஒன்றை எடுத்துக்கொள்வதும் அப்டேட்தான். ஐயா சொன்ன பாரிமகளிர் இங்கேதான் எனக்கு விளங்கினார்கள்.

ஆகவே கட்டுரையில் மூன்று சொல்லும் வருகின்றன. நானே விட்டுவைத்து, நானே நிறுத்தக்கூடியது 'தன்னிற்றை'. தள்ளிப்போட மட்டும் முடிவது 'கட்டாய இற்றை'. மறுக்க வழியே இல்லாததும், மறுப்பையே சம்மதமாக எண்ணிக்கொள்வதும் 'இற்றைத் திணிப்பு'. பாதுகாப்புத் திருத்தத்தை உடனே போடுங்கள் என்று கொட்டை எழுத்தில் தனி வரி போட்டிருக்கிறேன், கோவை நண்பர் நிம்மதியாகத் தூங்கலாம்.

கணினி வாங்குவது பற்றி எழுதியது ரொம்பக் கொஞ்சம்தான். கடையில் எல்லோரும் ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று கேட்கிறார்கள். 'அப்டேட்டை எத்தனை நாள் நிறுத்திவைக்கலாம்?' என்றும் கேளுங்கள் என்று எழுதினேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய திங்க்பேட் மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வரி: பிராசசரின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். திங்க்பேடில் எட்டாம் தலைமுறை பிராசசர் உள்ள டி480 தேறும், ஒரே வருடம் மூத்த டி470 தேறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் சட்டென்று தெரியாது. விலை குறைந்ததை எடுத்து டெபியன் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், என் பையன் அப்படித்தான் செய்தான். ஆனால் பேஜ்மேக்கர் ஓட்டுகிற என்னைப் போன்றவனுக்கு அது சரிப்படாது. கடையில் வேலை நடக்கும் கணினிக்கு இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன். கோப்பெல்லாம் பென்டிரைவில் வருகிறது, போகிறது. பென்டிரைவிலும் வைரஸ் வரும் என்று கோவை நண்பர் சொல்வார், தெரியும். முகூர்த்த மாதம் முடியட்டும்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். 'இற்றைத் திணிப்பு' என்று 'த்' போடவா, 'இற்றை திணிப்பு' என்று விட்டுவிடவா? 'இந்தித் திணிப்பு', 'இந்தி திணிப்பு' இரண்டையுமே பத்திரிகைகளில் பார்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்குள் சொன்னால் திருத்திவிடுவேன்.

பி.கு.: அந்தக் கல்யாணப் பத்திரிகை மறுநாள் அச்சாகிவிட்டது. மொத்தமும் மறுபடி அடித்ததில் தாய்மாமன் பெயர் இரண்டு இடத்தில் விழுந்துவிட்டது. பெண் வீட்டார் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.