அம்மாவின் வாய்ப்பூஞ்சை: ஃப்ளூகோனசோல் நிறுத்தியதும் திரும்பிவிடுகிறது

கயத்தாறுக்காரி:
அம்மாவுக்கு 67 வயது, சுகர் உண்டு, மேலே முழு பல்செட். மூன்று மாதமாக நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளை, வழித்தால் அடியில் செக்கச்செவேலென்று இருக்கிறது, ரசம் சாதம்கூட எரிகிறது என்கிறார். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை இரண்டு தடவை கொடுத்தாயிற்று, நிறுத்திய பத்தாவது நாள் பழைய கதைதான். இப்போது கல்ச்சரில் (பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) 'கேண்டிடா கிளப்ராட்டா' என்ற பூஞ்சை இனம், ஃப்ளூகோனசோலுக்கு நேரே 'எஸ்டிடி' என்று வந்திருக்கிறது. இனி மருந்தே கேட்காதா? பயமாக இருக்கிறது.

பூஞ்சைத்தட்டு:
லேபில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன், பயப்படாதீர்கள் அக்கா. எஸ்டிடி என்றால் வழக்கமான அளவு போதாது, கூடுதல் அளவில் கேட்கலாம். கிளப்ராட்டாவுக்கு, லேபுகள் பின்பற்றும் சிஎல்எஸ்ஐ அளவுகோலில் 'கேட்கும்' என்ற கட்டமே கிடையாது, எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) 32 வரை எஸ்டிடி, 64 தொட்டால் ரெசிஸ்டன்ட், அதாவது கேட்காது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பொதுவாக எல்லோர் வாயிலும் அதிகம் இருப்பது ஆல்பிகன்ஸ் என்ற இன்னொரு கேண்டிடா இனம். அதைச் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்) கலந்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் முளைகட்டிய பயறு போல வால் விடும், கிளப்ராட்டா உருண்டையாகவே கிடக்கும். ஃப்ளூகோனசோல் பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைத் தயாரிக்க விடாது, ஆனால் வளர்ச்சியைத்தான் நிறுத்தும், கொல்லாது. கிளப்ராட்டாவோ உள்ளே வந்த மருந்தைப் பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடும். அதே மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பம்ப் பலமாக உள்ளவைதான் மிஞ்சும். எந்த இனம் என்று பார்க்காமல் மூன்றாவது கோர்ஸும் எழுதுவது தப்பு, அதை நான் எங்கேயும் சொல்வேன்.

பல்லாண்டு:
பல் டாக்டராக ஒன்று கேட்கிறேன், இரவில் பல்செட்டைக் கழற்றுகிறாரா? அண்ணத்தில் படுகிற பக்கத்தைத் திருப்பி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வழவழவென்று வந்தால் அது பயோஃபிலிம், அதாவது கிருமிகள் ஒட்டி வளரும் படலம், அதற்குள் இருக்கும் பூஞ்சையை மருந்து லேசில் தொடாது. வாயைச் சுத்தம் செய்து அதே செட்டை மாட்டினால் மறுபடி விதைத்த மாதிரிதான். நிஸ்டாட்டின் என்ற கொப்பளிக்கும் மருந்து எர்கோஸ்டெராலையே பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும், ஆனால் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், அதனால் செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சுகருக்கு கிளிமெப்பிரைடு எடுத்தால் அதையும் சொல்லுங்கள், ஃப்ளூகோனசோலோடு சேர்ந்தால் சுகர் திடீரென்று இறங்கிவிடலாம்.

கயத்தாறுக்காரி:
இப்போதுதான் கேட்டேன். ராத்திரியும் கழற்றுவதில்லையாம், பல் இல்லாத முகத்தை அப்பா பார்த்தால் கூச்சமாம். சுரண்டினேன், மஞ்சளாக வருகிறது. கிளிமெப்பிரைடும் போடுகிறார். திங்கட்கிழமை ரிப்போர்ட், செட், மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.