சந்தேகம்: 1991 எம்எக்ஸ்-5 நெரிசலில் சூடேறுகிறது, ஏர்கான் போட்டால் இறங்குகிறது!

வணக்கம். இரண்டு வருடமாக ஒரு 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 (என்ஏ என்னும் முதல் தலைமுறை, 1.6 லிட்டர்) வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க்கில் ரிப்பேர் பார்க்க முடியாது, அதனால் காக்கி புக்கிட்டில் நண்பர் ஒருவர் கொடுத்த ஓர் ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. துருப்பிடித்த இடங்களை வெட்டி ஒட்டியாகிவிட்டது. எஞ்சினை இறக்கி சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றி ஏற்றினேன், வயரிங்கையும் புதிதாக டேப் சுற்றிக் கட்டினேன்.

இப்போது பிஐஇ விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சூடு காட்டும் ஊசி அசையாது. சாயங்காலம் சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் நின்றால் பத்தே நிமிடத்தில் மேலே ஏறுகிறது. புரியாதது என்னவென்றால், அப்போது ஏர்கானைப் போட்டால் ஊசி மெல்ல இறங்கிவிடுகிறது! ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் அது போனால் தெரியும் அறிகுறிகள் இல்லை: கூலண்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) குறையவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. கழற்றத்தான் வேண்டுமா?

பதில் 1:
தம்பி, ஹெட்டில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன ஏர்கான் விஷயத்திலேயே பதில் இருக்கிறது. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் போகும், நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். இந்த வண்டியில் ஏர்கான் போட்டால் சூடு எவ்வளவு என்று பார்க்காமல் ஃபேன் ஓடும். ஏர்கான் இல்லாதபோது தெர்மோஸ்விட்ச் (கூலண்டின் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச்) சொன்னால்தான் ஓடும், சுமார் 97 டிகிரியில். உங்கள் வண்டியில் அந்தச் செய்தி ஃபேனுக்குப் போய்ச் சேரவில்லை.

எஞ்சின் பேயில் டயக்னாஸ்டிக் பெட்டி இருக்கும், மூடியைத் திறந்தால் உள்ளே எழுத்து தெரியும். டிஎஃப்ஏ (ஃபேன்), ஜிஎன்டி (எர்த்) என்ற இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டு சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சின் ஓட வேண்டாம். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும் நல்லபடி இருக்கின்றன. அப்புறம் தெர்மோஸ்விட்ச்சின் வயரைக் கழற்றி வண்டியின் பாடியில் தொட்டுப் பாருங்கள். அதற்கும் சுற்றினால் ஸ்விட்ச்தான் போச்சு, சுற்றாவிட்டால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

பதில் 2:
மேலே அண்ணன் சொன்னது சரி. கூடவே ஒன்று, வாட்டர் பம்ப் மாற்றியிருக்கிறீர்கள், உள்ளே காற்று நின்றிருக்கலாம். ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் கூலண்ட் இல்லாமல் காற்று இருந்தால் அதற்குச் சூடே தெரியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுதாக வைத்து ஓடவிடுங்கள், குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூட்டில் மட்டும் மூடியைத் தொடவே தொடாதீர்கள். பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் திரும்ப மாட்டினீர்களா? அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் கீழேயே ஓடிவிடும்.

பதில் 3:
பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டால் தீர்ந்துவிடாதா?

பதில் 1 எழுதியவர்:
ஃபேன் சுற்றாத வண்டியில் எந்த ரேடியேட்டர் போட்டாலும் நெரிசலில் சூடேறத்தான் செய்யும். அந்தக் காசைச் சாலை வரிக்கு வையுங்கள், 14 வருடம் தாண்டிய வண்டிக்கு 50 விழுக்காடு கூடுதல் வரி சும்மா இல்லை. இன்னொன்று, என்ஏ-வின் ஊசி நடுவிலேயே ரொம்ப நேரம் நிற்கும், அது அசைந்தாலே சூடு நிறைய ஏறிவிட்டது என்று அர்த்தம். சரிசெய்யும்வரை நெரிசலில் ஓட்ட வேண்டாம்.

கேட்டவர்:
இன்று பார்த்தேன். டிஎஃப்ஏ-வை இணைத்ததும் ஃபேன் சுற்றியது. ஸ்விட்ச் வயரைப் பாடியில் தொட்டேன், ஒன்றுமில்லை. நான் சுற்றிய டேப்பைப் பிரித்துக்கொண்டே போனதில், ஒரு பிராக்கெட் மூலையில் வயர் நசுங்கி, உறைக்குள் செம்பு பச்சை பூத்து இரண்டு துண்டாகக் கிடந்தது. வெட்டி, சால்டர் வைத்து, வேறு வழியாக இழுத்துவிட்டேன். காற்றையும் எடுத்தாயிற்று. ஏர்கான் இல்லாமல் நாற்பது நிமிடம் ஐடிலில் விட்டேன், ஃபேன் தானாக வந்து வந்து நின்றது, ஊசி நடுவிலேயே. பிளாஸ்டிக் தட்டு விரிசல் விட்டு ஸ்டோரில் கிடக்கிறது, அடுத்த ஞாயிறு அதை ஒட்டி மாட்டிவிடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணே.